ராணி நொண்டிக் காட்டிய பாடம்

போன மாதம் தேவிகா அம்பாங்கானில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். நான் வேலை பார்த்த கால்நடை மருந்தகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். கெட்டிக்காரப் பெண். கையில் லேப்டாப், அதில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அவளே வரைந்த படங்கள். அடிபட்டுக் கிடக்கும் விலங்கைக் கண்டால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் இருபது வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி அது அவள் வேலை.

முதல் படத்தில் ஒரு நாய்க்குட்டி. காலில் வெள்ளைக் கட்டு. கண் இரண்டும் முட்டை அளவு. வாய் நிறையச் சிரிப்பு.

"எப்படிக்கா இருக்கு?"

"கால்ல அடிபட்ட நாய் எதுக்குச் சிரிக்குது?"

"பிள்ளைங்களுக்குப் பிடிக்கணும்லக்கா" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்புறம் ஒண்ணு கேக்கணும். ஆரம்பத்துல நீங்க ராணின்னு ஒரு நாயை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களாமே? ஆபீஸ்ல இன்னும் சொல்லிச் சிரிக்கிறாங்க. நானும் அதுமாதிரி ஒரு நல்ல நாயா ஏற்பாடு பண்ணலாம்னு பாக்குறேன்லா."

"வேணாம்."

நான் சொன்ன வேகத்தில் காப்பி தட்டில் சிந்தியது. பாவம், அவள் பயந்துவிட்டாள். ஆனாலும் என் ஆள்தான், விடவில்லை. "ஏன்க்கா?" என்றாள். பாதி சொன்னேன். மீதியை வாயால் சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் பால்மரம் சீவினார்கள். வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தன. ஏழு வயதில் அதில் ஒன்று என் முட்டியில் உதைத்தது. வலியைவிட எனக்கு ஆச்சரியம்தான் பெரிதாக இருந்தது. நேற்று என் கையை நக்கிய மாடு இன்றைக்கு ஏன் உதைத்தது? கேட்காத ஆள் இல்லை. "மாடுன்னா உதைக்கத்தான் செய்யும்" என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்தேன், இரண்டு வருஷப் பயிற்சிக்குப் போனேன், கால்நடை உதவியாளராகத் திரும்பி வந்தேன். பயிற்சியில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. மாட்டின் வாலைத் தூக்கிக் காய்ச்சல் பார்ப்பதும் ஓடுகிற ஆட்டுக்கு ஊசி போடுவதும் மட்டும் கையிலேயே தங்கிவிட்டன.

தோட்டத்துச் சனங்களுக்கு என்னை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி நர்சை நம் ஊரில் மிஸ்ஸி என்பார்கள். அதனால் நான் மாட்டு மிஸ்ஸி ஆனேன். முதலில் கோபம் வந்தது. பிறகு யாராவது வெறும் மிஸ்ஸி என்றால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

என் மேலதிகாரி டாக்டர் ஹலிமா. ஒல்லியான மலாய்க்கார அம்மா. என்னிடம் மலாயில்தான் பேசுவார், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சட்டைப் பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும். வண்டியில் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போத்தலில் சுத்தமான மண் இருக்கும். நாயைத் தொட வேண்டி வந்தால் கையுறை போட்டுத் தொடுவார், வேலை முடிந்ததும் அந்த மண்ணாலும் தண்ணீராலும் அவர்கள் முறைப்படி கழுவிக்கொள்வார். நாய் என்பதற்காக ஒரு நிமிஷம்கூடத் தாமதித்தது கிடையாது.

தாமதிப்பது வேறு விஷயத்துக்கு. எங்கே போனாலும் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைப்பார். இறங்குவார், ஒரு மிட்டாயை வாயில் போடுவார். அது கரைந்து முடிகிற வரைக்கும் நின்ற இடத்திலிருந்து பார்ப்பார். அதற்குள் மாட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார், "டாக்டர் சீக்கிரம்!" என்று கத்துவார். அவர் அசைய மாட்டார். மிட்டாய் கரைந்ததும் என் பக்கம் திரும்பி, "அபா நம்பாக்?" என்பார். என்ன பார்த்தாய் என்று அர்த்தம்.

முதல் தடவை அப்படிக் கேட்டபோது ஒரு பசு லோங்காங் கால்வாயில் விழுந்து கிடந்தது. "கால் உடைஞ்சிருக்கு டாக்டர்" என்றேன்.

"அது நீ நினைச்சது. என்ன பார்த்தே?"

மறுபடி பார்த்தேன். மூச்சு வேகமாக இருந்தது. காது பின்னால் மடிந்திருந்தது. முன்காலை ஊன்றப் பார்த்துச் சறுக்கியது. கால்வாயின் இரண்டு கரையிலும் ஆட்கள் நின்று ஆளுக்கொரு யோசனை கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மஞ்சளும் திருநீறும் கொண்டுவந்து அதன் நெற்றியில் பூச இறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சத்தத்துக்கும் பசு எழுந்திருக்கப் பார்த்து விழுந்தது. இதையெல்லாம் சொன்னேன். டாக்டர் தலையாட்டிவிட்டு முதலில் ஆட்களை அப்புறப்படுத்தினார். பத்து நிமிஷத்தில் அந்தப் பசு தானாக எழுந்து, கால்வாய் சரிவாக இருந்த பக்கமாக நடந்து ஏறி வெளியே வந்துவிட்டது. கால் உடையவே இல்லை. எனக்கு வெட்கம், சந்தோஷம் இரண்டும் சேர்ந்து வந்தன.

பள்ளிக்கூடப் பாடத்தை நானாகத்தான் தொடங்கினேன். தோட்டத்துப் பிள்ளைகள் கையில் எதுவும் தப்பாது. மரத்திலிருந்து விழுந்த குரங்குக்குட்டி, லாரி இடித்த பூனை, இறக்கை ஒடிந்த கழுகு என்று எல்லாவற்றையும் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வருவார்கள். கீறல், கடி, சொறி எல்லாம் கூடவே வரும். இரக்கத்துக்குக் குறைச்சல் இல்லை. அதை எப்படிக் காட்டுவது என்றுதான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் போய்ச் சொல்கிறேனே என்றேன். டாக்டரும் சரி என்றார்.

ராணி என் வீட்டு நாய். செம்பட்டை நிறம், ஒரு காது எப்போதும் மடங்கியிருக்கும். குட்டியாக இருந்தபோது மோட்டார் சைக்கிள் இடித்துக் கால் ஒடிந்தது. கட்டுப்போட்ட ஆறு வாரமும் "ஐயோ ராணி" என்று நான் மடியில் வைத்துக் கொஞ்சினேன், பிஸ்கட் ஊட்டினேன். கால் நன்றாகக் கூடிய பிறகும் "ஐயோ ராணி" என்றால் போதும், உடனே முன்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நொண்டுவாள். முகத்தையும் பரிதாபமாக வைத்துக்கொள்வாள். பெரிய நடிகை. சில நாள் எந்தக் காலைத் தூக்குவது என்பதை மறந்து வேறு காலைத் தூக்குவாள்.

இவளை வைத்துப் பாடம் நடத்தலாம் என்று தோன்றியபோது எனக்கு என் மேலேயே பெருமை. வகுப்பில் "ஐயோ ராணி" என்பேன். அவள் நொண்டுவாள். பிள்ளைகள் "உச்" கொட்டுவார்கள். பிறகு நான் காட்டுவேன். ஓடாதே, கத்தாதே. மெதுவாகப் போய்க் குனிந்து உட்கார். கண்ணை நேராகப் பார்க்காதே. புறங்கையை நீட்டி அது மோந்து பார்க்கட்டும் என்று காத்திரு. ராணி வந்து மோந்துவிட்டு நக்குவாள். கைதட்டல் கூரையைத் தொடும். கடைசியில், "ஆனா தெரியாத நாய்கிட்டப் போகக்கூடாது, பெரியவங்களைக் கூப்பிடணும், சரியா?" என்பேன். "சரி மிஸ்ஸி!" என்று கத்துவார்கள். அதற்குள் பாதிப் பேர் ராணியைத் தொட வரிசையில் நின்றிருப்பார்கள்.

ஒரு தடவை டாக்டர் ஹலிமா பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். வண்டியில் திரும்பும்போது, "பிள்ளைகள் என்ன பார்த்தாங்க?" என்று கேட்டார்.

"எப்படி நடந்துக்கணும்னு பார்த்தாங்க டாக்டர்."

 ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். பாராட்டாமல் விட்டாரே என்று எனக்கு மனத்தாங்கல். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து, அங்கே கணக்கு எழுதும் கிராணி போன் செய்தார். கண்ணியில் ஒரு நாய் மாட்டியிருக்கிறது, பிள்ளையைக் கடித்துவிட்டது, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயாயிற்று, நாயை வந்து பாருங்கள் என்றார்.

காட்டுப்பன்றி வந்து இளம் செம்பனைக் கன்றுகளைக் குருத்தோடு தின்றுவிடும். அதற்காகச் சிலர் மோட்டார் சைக்கிளின் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு வைப்பார்கள். பன்றி மாட்டுகிறதோ இல்லையோ, தோட்டத்து நாய் மாட்டும். இது வெள்ளைப் பெட்டை நாய், ஒரு காது மட்டும் கறுப்பு. வலது முன்காலில் கம்பி எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. கம்பியின் மறுமுனை செம்பனை மரத்தில் கட்டியிருந்தது. டாக்டர் வழக்கம்போல வண்டியைத் தூரத்தில் நிறுத்தி மிட்டாயைப் போட்டார்.

"அபா நம்பாக்?"

நான் வரிசையாகச் சொன்னேன். நாய்க்கு முதுகுப் பக்கம் மண்மேடு. இடது பக்கமும் வலது பக்கமும் வெட்டிப்போட்ட மட்டைகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. முன்னால் பழம் ஏற்றுகிற பாதைப் பக்கம் மட்டும்தான் திறப்பு. நாய் உறுமவில்லை. பல்லைக் காட்டவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அப்போ அந்தப் பக்கம் யாரும் நிக்கக்கூடாது" என்றார் டாக்டர். பாதையில் நின்ற ஆட்களை எல்லாம் போகச் சொன்னோம். மேட்டைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து இறங்கினோம். நான் கனமான போர்வையை விரித்துத் தலையோடு சேர்த்து மூடினேன். கண் மறைந்ததும் உடம்பு கொஞ்சம் அடங்கியது. டாக்டர் நீளக் கம்பில் பொருத்திய ஊசியைத் தொடையில் குத்தினார். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். மயக்கம் வந்த பிறகுதான் கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தேன். மரத்துப் பக்கம் வெட்டினால் சுலபம், ஆனால் மயக்கம் சரியாக ஏறாமல் நாய் எழுந்துவிட்டால் காலில் கம்பியோடு ஓடிவிடும், பிறகு பிடிக்க முடியாது. அதனால் காலோடு ஒட்டி, தோலுக்கும் கம்பிக்கும் நடுவில் குறட்டின் நுனியை நுழைத்து வெட்டினேன். எல்லாம் முறைப்படி நடந்தது. அந்தக் காலைக் காப்பாற்ற முடியாது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

கடித்த நாயைக் கொஞ்ச நாள் கூண்டில் வைத்துக் கவனிப்பது வழக்கம். அதை மருந்தகத்தில் விட்டுவிட்டு நான் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். யார் பிள்ளை என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

துர்கா. மூன்றாம் வகுப்பு. போன மாதம்தான் என் பாடத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து ராணியை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தவள். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. மோதிர விரலும் சுண்டு விரலும் இனி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாராம் ஆஸ்பத்திரி டாக்டர். பக்கத்தில் அவள் அம்மா லெட்சுமி உட்கார்ந்திருந்தார். தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

"சும்மா நடந்து போனவளைப் பின்னாலயே தொரத்தி வந்து கடிச்சிருச்சாம் மிஸ்ஸி. வெறிபிடிச்ச நாய்ங்க! ஒண்ணையும் விடக்கூடாது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மரத்தில் கம்பியால் கட்டுண்டு கிடந்த நாய் எப்படித் துரத்தும்? துர்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். லெட்சுமி அக்கா குடிக்க மைலோ வாங்கக் கீழே போனதும் மெல்லக் கூப்பிட்டாள்.

"மிஸ்ஸி, நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். ஓடல. கத்தல. கண்ணைப் பாக்கல. கீழ உக்காந்து பொறங்கையத்தான் நீட்டுனேன். ராணின்னா நக்குவாளே மிஸ்ஸி. இது ஏன் நக்கல?"

கோபமோ அழுகையோ அந்தக் குரலில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஏழு வயதில் மாட்டிடம் உதை வாங்கிக்கொண்டு நான் கேட்ட அதே கேள்வி. பதிலுக்கு நான் வேறொன்றைக் கேட்டேன்.

"நாய் துரத்துச்சுன்னு அம்மாகிட்ட ஏன் சொன்னே?"

"நான்தான் கிட்டப் போனேன்னு சொன்னா, நீங்க சொல்லிக்குடுத்ததுன்னு தெரிஞ்சிரும். அப்புறம் ராணிய ஸ்கூலுக்கு விடமாட்டாங்க. சொல்லாதீங்க மிஸ்ஸி."

மைலோ வந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன். லெட்சுமி அக்கா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிராணி மறுபடி போன் செய்தார். பிள்ளையைத் துரத்திக் கடித்துவிட்டுப் பிறகுதான் நாய் கண்ணியில் மாட்டியது என்ற பேச்சு மேனேஜர் வரைக்கும் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஆள் வந்து தோட்டத்தில் உள்ள எல்லா நாயையும் சுடப் போகிறார்கள், வளர்ப்பு நாய், தெருநாய் என்று பேதம் கிடையாது என்றார். அவர் குரலும் சரியில்லை. அவர் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது.

ஒரு சின்னப் பெண் என் ராணியைக் காப்பாற்றச் சொன்ன பொய்யால் ஒரு தோட்டத்து நாய் அத்தனையும் சாகப் போகிறது. அவளைப் பொய்க்காரி ஆக்காமல் உண்மையைச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. நான் சொல்ல வேண்டும். சொன்னால் இனி எந்தப் பள்ளியிலும் என்னை ஏற்றமாட்டார்கள். வேலைக்கே என்ன ஆகுமோ. அன்றைக்கு டாக்டர் ஹலிமா வீட்டு வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். என் பாடத்தில் கோளாறு இருப்பது உங்களுக்கு அப்போதே தெரியும், ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டுவிட்டேன்.

"எனக்குத் தெரியாது. ஏதோ சரியில்லைன்னு பட்டுது, அதான் கேட்டேன். அழுத்திக் கேட்டிருக்கணும். அது என் தப்பு" என்றார். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்குப் பெரட்டு?" என்றார். காலையில் வேலைக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். தமிழ் தெரியாத டாக்டர் அந்தச் சொல்லை எங்கே பிடித்தார் என்று அந்தக் கவலையிலும் எனக்கு வியப்பாக இருந்தது.

திங்கட்கிழமை வெளிச்சம் வரும் நேரத்தில் பெரட்டுக் களத்தில் நின்றேன். மண்டோர், அதாவது கங்காணி, பேர் வாசித்து முடித்தார். மேனேஜர் ஜீப்பில் சாய்ந்து நின்றார். டாக்டர் அவரிடம் ஏதோ சொல்ல, அவர் என்னைப் பேசச் சொல்லிக் கையைக் காட்டினார். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. நாய் துரத்தவில்லை, கடிக்கும் முன்பே கண்ணியில் மாட்டிக் கிடந்தது என்றேன். துர்கா கிட்டப் போனது என் பாடத்தால், நான் கொண்டு போன நாயைப் பார்த்து அடிபட்ட எல்லா நாயும் அப்படித்தான் நக்கும் என்று நம்பிவிட்டாள் என்றேன். தப்பு பிள்ளை மேலும் இல்லை, நாய் மேலும் இல்லை, என் மேல் என்றேன்.

வரிசையில் யாரோ என் சாதி சனத்தையெல்லாம் இழுத்துத் திட்டினார்கள். லெட்சுமி அக்கா திட்டவில்லை. கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எம்பிள்ள கைய நீட்டுனது நீ சொல்லித்தானா?"

"ஆமாக்கா."

"அப்ப நீ எதுக்கு மிஸ்ஸி?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். டாக்டர் ஒரு மிட்டாயை என் மடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மேனேஜர் சுடுகிற ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாய் வைத்திருப்பவர்கள் கட்டிப்போட வேண்டும், கண்ணிகளை எல்லாம் பிடுங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கிராணி தனியாகப் போன் செய்து நன்றி சொன்னார். தலைமையாசிரியர் மரியாதையாக, "கொஞ்ச நாளைக்கு நீங்க வரவேணாம்மா" என்றார். மற்றப் பள்ளிகளில் மரியாதைகூட இல்லை. ராணி மட்டும் நான் சட்டை மாற்றும்போதெல்லாம் பள்ளிக்கூடம் என்று நினைத்து நொண்ட ஆரம்பித்துவிடுவாள். பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் மருந்தக வாசலில் லெட்சுமி அக்கா துர்காவோடு நின்றார். பஸ் பிடித்து வந்திருந்தார்கள்.

"அந்த நாய் எப்படி இருக்குன்னு கேட்டு டெய்லி உயிர வாங்குறா. ஒரு தரம் காட்டிருங்க. தொடக்கூடாது" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

வெள்ளை நாயின் வலது முன்காலை எடுத்துவிட்டிருந்தோம். பின்பக்க அடைப்பில் மூன்று காலோடு நன்றாகவே ஓடும். ஆனால் ஆள் வந்தால் மூலைக்குப் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அடைப்புக்கு ஒரே கேட். உள்ளே போய் அதைச் சாத்திவிட்டு, நாங்கள் மூன்று பேரும் கேட்டை ஒட்டி நின்றோம். துர்காவின் மோதிர விரல் மடங்கியது. சுண்டு விரல் நீட்டியபடியே இருந்தது.  வேறு எதுவும் வராமல், "என்ன பார்த்தே துர்கா?" என்றேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. இரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, ஒரு பிள்ளையிடமும் இதைக் கேட்டதே இல்லை.

துர்கா அவசரப்படவில்லை. "காது பின்னால போயிருக்கு. வாலை உள்ள வெச்சிருக்கா. கொட்டாவி விடுறா, ஆனா தூக்கம் வரல." நாயின் கண் போகிற திசையைத் திரும்பிப் பார்த்தாள். "நம்மளப் பாக்கல மிஸ்ஸி. நமக்குப் பின்னால இருக்குற கேட்டைப் பாக்குறா."

மூன்று பேரும் கேட்டை விட்டு விலகிப் பக்கவாட்டுச் சுவரோரம் போய் நின்றோம். கேட்டைத் திறக்கவில்லை, சும்மா விலகினோம். நாய் மூலையை விட்டு மூன்றடி முன்னால் வந்தது.

"அன்னிக்கும் அப்படித்தான்" என்றாள் துர்கா. "நான் உக்காந்த எடத்துக்குப் பின்னாலதான் பாதை இருந்துச்சு. நான் வழியில உக்காந்துட்டேன்."

அன்றைக்கு அந்த மண்மேட்டையும் மட்டை அடுக்கையும் திறந்த பாதையையும் டாக்டரிடம் வரிசையாக ஒப்பித்தவள் நான்தானே. ஆட்களை அந்தப் பக்கம் நிற்க விடாமல் துரத்தியவளும் நான்தான். அந்தப் பிள்ளை எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. இது ஏன் நக்கவில்லை என்று அவள் கேட்டதற்கு அவளே பதில் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போலவும் இருந்தது.

லெட்சுமி அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். ஆனால் அடுத்த வாரம் அவரே தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்திருக்கிறார். "அந்தம்மா வரட்டும். நாய் வரக்கூடாது. நானும் கூட நிப்பேன்" என்றாராம்.

அப்படித்தான் புதுப் பாடம் வந்தது. யோசனை பாதி துர்காவுடையது. நாய் இல்லை, படம் இல்லை. வகுப்பறையின் மூலையில் ஒரு மேசை. அதன் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டு அடைத்துவிடுவது. ஒரு பிள்ளை மேசைக்கு அடியில் உட்காரும், அதுதான் அடிபட்ட விலங்கு. மற்றவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி உதவிக்கு வர வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி. மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். எட்ட நில், அது வெளியே போகிற வழியை விட்டு நில், மற்றவர்களையும் விலகச் சொல், ஒருவர் போய்ப் பெரியவரைக் கூட்டி வா. இவை நான் வாயால் சொன்னபோது யார் காதிலும் ஏறாத விஷயங்கள்.

முதல் நாள் மேசைக்கு அடியில் போனது துர்கா. லெட்சுமி அக்கா சொன்னபடியே வந்திருந்தார். வேலை உடுப்போடு வகுப்பறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. என் முதுகில் அவர் பார்வை படுவது தெரிந்தது.

"இப்ப ஹெல்ப் பண்ணுங்க" என்றேன். முப்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மேசையைச் சுற்றிக் குவிந்தார்கள். "துர்கா, துர்கா", "பயப்படாதே" என்றார்கள். ஒருத்தி குனிந்து புறங்கையை நீட்டினாள்.  எல்லாரையும் அப்படியே உட்காரச் சொன்னேன்.

"துர்கா, என்ன பார்த்தே?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எல்லாம் காலு. நிறைய வாய் பேசுது, என்னன்னு புரியல. இப்ப உக்காந்துட்டாங்க, வாசல் தெரியுது." மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை வாசலைக் காட்டியது. "ஆனா வெளிய போக முடியாது மிஸ்ஸி. அம்மா வழியில நிக்கிறாங்க."

முப்பது தலைகளும் வாசலைப் பார்த்துத் திரும்பின. லெட்சுமி அக்கா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார், பிறகு மேசைக்கு அடியில் இருந்த மகளைப் பார்த்தார், பிறகு, அந்தப் பெரட்டுக்குப் பிறகு முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்தார். கட்டியிருந்த கையை அவிழ்த்துக்கொண்டு வாசலை விட்டு நகர்ந்து சுவரோரமாக நின்றார்.